நம் பிள்ளைகளின் கல்வி: சேர்வது பாதி, முடிப்பது மீதி



சென்ற திங்கள் இப்பகுதியில், பட்டப்படிப்பை முடித்த நம் பிள்ளைகள் மேற்கொண்டு பயில்வதற்குரிய துறைகள் சிலவற்றைக் குறிப்பிட்டிருந்தேன். அவற்றுள் தொடர்பியல் என்னும் துறையைப் பற்றி விளக்கமாக எழுதுமாறு வாசகர் சிலர் கேட்டுள்ளனர். செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம், விளம்பரம், இணையம் ஆகியவற்றின் வழியே செய்தியும் கருத்தும் மக்களிடையே எவ்வாறு பரவுகின்றன என்பதை முறைப்படி ஆராயும் கல்வியே தொடர்பியல். இதழியல் அதன் ஒரு கிளை. இத்துறையில் எங்கே இடம் கிடைக்கும், நுழைவுத்தேர்வு எப்போது என்று எல்லோரும் விசாரிக்கின்றனர். பட்டத்தை முடிப்பதற்குரிய நிபந்தனைகள் யாவை என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. ஆதலின் இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்கிறேன்.

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். பல்கலைக்கழக மேற்படிப்பைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்பீராயின், விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படிப்பதே என் அன்றாடத் தொழில் என்பது என் விடை. பார்சல் அலுவலகத்தில் ஒரு பெட்டியை அனுப்பியவரிடம் இரசீது இருக்கும். அதனால் பெட்டி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருளாகாது. சேருமிடத்தில் இரசீதைக் காட்டிக் கையொப்பமிட்டுப் பொருளைப் பெற்றுக்கொண்டால்தான் கணக்கு முடியும். கல்லூரியில் கட்டணம் செலுத்தியதும் அத்தகைய இரசீதே.

எங்கள் அலுவலக நண்பர் ஒருவரின் மகள் தொடர்பியலில் முதுகலை பயின்றாள். நான்கு பருவத் தேர்வுகளிலும் நல்ல மதிப்பெண் பெற்றாள். ஆய்வேடு ஒன்றே எஞ்சியிருந்தது. அச்சமயம் தந்தைக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. வீட்டில் திருமணப் பேச்சும் தொடங்கியது. "பரீட்சைதான் எல்லாம் முடிந்துவிட்டதே, அம்மா; அந்தக் கட்டுரையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்றார் தந்தை. ஆண்டுகள் சென்றன. பின்னர் ஒரு நல்ல பணிக்கு விண்ணப்பித்தபோது பட்டச் சான்றிதழைக் கேட்டார்கள். பல்கலைக்கழகம் விதித்த கால எல்லை அதற்குள் கடந்துவிட்டது. பதினாறு தாள்களில் தேறியவள், பட்டம் பெறாதவளாகவே நிற்கிறாள். நம் குடும்பங்களில் இது மீண்டும் நிகழலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

துறையின் தோற்றம்

இக்கல்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1941-ஆம் ஆண்டில் இலாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை தொடங்கப்பெற்றது. 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகமும், 1954-இல் ஐதராபாத்தின் உஸ்மானியாப் பல்கலைக்கழகமும் இதழியல் கற்பிக்கத் தொடங்கின. 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் தில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் நிறுவப்பெற்றது. ஒரிசாவில் தேங்கானல், மராட்டியத்தில் அமராவதி, கேரளத்தில் கோட்டயம், மேலும் ஜம்மு, ஐசால் ஆகிய இடங்களில் அதற்குக் கிளைகள் உள்ளன. நெடுங்காலம் முதுகலைப் பட்டயம் மட்டுமே வழங்கிவந்த அந்நிறுவனம், 2024 ஜனவரியில் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் மக்கள் தொடர்பியல் ஆராய்ச்சி மையம் 1982-இல் தோன்றியது.

பட்டயம் வேறு, பட்டம் வேறு என்பதைப் பெற்றோர் இங்கே கவனிக்க வேண்டும். பட்டயப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டில் முடிந்துவிடும்; செய்தி நிறுவனங்களில் பணிபுரிய அது துணை செய்யும். பின்னாளில் கல்லூரி ஆசிரியராகவோ ஆராய்ச்சியாளராகவோ விரும்புவோர்க்கு முதுகலைப் பட்டம் தேவை. பிள்ளையின் நோக்கம் யாது என்பதை முதலில் தெளிந்துகொண்டு, அதற்கேற்ற படிப்பைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

முதுகலைப் பட்டத்திற்குரிய நிபந்தனைகள்

மூன்றாண்டு இளங்கலை முடித்தவருக்கு முதுகலை இரண்டாண்டு. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையையொட்டி வந்த புதிய முறையில், நான்காண்டு இளங்கலை முடித்தவர் ஓராண்டிலேயே முதுகலையை முடிக்கலாம். இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்து, முதலாண்டோடு விலக நேர்ந்தால் முதுகலைப் பட்டயம் பெற்று வெளியேறவும் இம்முறையில் வழியுண்டு. எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே காலத்தில் இம்முறைக்கு மாறவில்லை. ஆதலின் சேரும் இடத்தின் விதியையே பார்க்க வேண்டும்.

படிப்பின் அளவை இக்காலத்தில் கிரெடிட் என்னும் அலகால் கணக்கிடுகின்றனர். 2023-இல் வெளியான தேசிய கிரெடிட் வரையறையின்படி ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. ஓர் ஆண்டுக்கு 40 கிரெடிட். வகுப்பில் அமர்ந்திருக்கும் நேரம் மட்டுமன்றி, செய்முறையும் களப்பணியும் வீட்டில் படிப்பதும் இதில் அடங்கும். எனவே ஒரு பாடத்தில் தவறினால் அப்பாடத்தின் கிரெடிட் கணக்கில் ஏறாது. மொத்த மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருப்பினும், கிரெடிட் குறைந்தால் பட்டம் இல்லை.

இனி, நிறைவேற்ற வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன். முதலாவது, வருகைப் பதிவு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 விழுக்காடு வருகை இல்லையெனில் தேர்வெழுத விடமாட்டார்கள். கோடை விடுமுறைக்கு ஊர் போன குடும்பம், உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக மேலும் இரண்டு வாரம் தங்கிவிடுவது நம்மிடையே வழக்கம். அந்த இரண்டு வாரமே பிள்ளையின் ஒரு பருவத்தை விழுங்கிவிடக் கூடும்.

இரண்டாவது, அகமதிப்பீடும் பருவத் தேர்வும். பல இடங்களில் இவ்விரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். மூன்றாவது, செய்முறை. தொடர்பியல் மாணவர் செய்தி எழுதுதல், பக்கம் அமைத்தல், ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றைச் செய்து காட்ட வேண்டும். நான்காவது, இன்டர்ன்ஷிப் எனப்படும் பணிப் பயிற்சி. ஒரு செய்தித்தாளிலோ, வானொலி நிலையத்திலோ, விளம்பர நிறுவனத்திலோ சில வாரம் பணியாற்றி, அந்நிறுவனத்தின் சான்றும் தம் அறிக்கையும் ஒப்படைக்க வேண்டும். வேலையைச் செய்துவிட்டுச் சான்றினை வாங்க மறந்த பிள்ளைகள் உண்டு. பயிற்சி முடியும் நாளிலேயே கையொப்பமும் முத்திரையும் பெற்றுவிடுதல் நன்று.

ஐந்தாவது ஆய்வேடு, அல்லது அதற்கு ஈடான படைப்பு. சில நிறுவனங்களில் ஆவணப்படமோ வானொலி நிகழ்ச்சியோ ஆய்வேட்டின் இடத்தில் ஏற்கப்படும். ஆறாவது, அதன்மீது நடைபெறும் வாய்மொழித் தேர்வு. ஏழாவதை ஒருவரும் பாடத்திட்டத்தில் எழுதுவதில்லை: நூலகப் புத்தகம், ஒளிப்படக் கருவி, விடுதிக் கட்டணம் ஆகிய எதிலும் பாக்கியில்லை என்னும் சான்று. இது கிட்டாதவரை சான்றிதழ்கள் அலுவலகத்தை விட்டு வெளியே வருவதில்லை.

கால எல்லையும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, படிப்புக்குரிய காலத்திற்கு மேல் இரண்டாண்டு வரை நிலுவைப் பாடங்களை முடிக்க இடமளிக்கலாம். விதிவிலக்கான சூழ்நிலைகளில் மேலும் ஓராண்டு தரலாம். "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்னும் சொல்லுக்கு இவ்வளவே இடம்.

ஆய்வேடு என்னும் கண்டம்

பிள்ளைகள் தேங்கி நிற்பது பெரும்பாலும் ஐந்தாவது படியில்தான். தேர்வுக்கு நாள் குறிப்பவர் பல்கலைக்கழகத்தார். ஆய்வேட்டுக்கோ, இறுதி நாள் ஒன்றைத் தவிர, அன்றாடம் அழைக்கும் மணி கிடையாது. ஆகவே தள்ளிப்போடுதல் எளிது.

ஆய்வேடு என்றதும் பெரிய மலையைப் பெயர்ப்பதாக எண்ண வேண்டா. ஒரு தெளிவான வினா வேண்டும். அவ்வினாவைப் பற்றி முன்னோர் எழுதியதைப் படித்திருக்க வேண்டும். விடை தேடும் முறை ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கிடைத்ததை நேர்மையாக எழுத வேண்டும். இத்துறையில் வழங்கும் முறைகள் மூன்று. அச்சிட்டதையோ ஒளிபரப்பியதையோ எண்ணி வகைப்படுத்துவது ஒன்று. பலரிடம் ஒரே வினாக்களைக் கேட்டுத் தொகுப்பது மற்றொன்று. சிலரோடு நெடுநேரம் உரையாடி, அவர்களுடன் இருந்து கவனிப்பது மூன்றாவது.

நம் நாட்டில் இத்தகைய ஆய்வு எவ்வளவு பயன்பட்டதென்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளின் துணைகொண்டு ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்பியது. உழவு, உடல்நலம், குழந்தைக் கல்வி முதலியன அவற்றின் பொருள். நிகழ்ச்சியை அனுப்பியதோடு நில்லாமல், பார்த்தவர் எதைப் புரிந்துகொண்டனர், எதைப் புறக்கணித்தனர் என்பதை ஆய்வாளர் கிராமங்களுக்கே சென்று ஆராய்ந்தனர். சொன்னது சென்றடைந்ததா என்று கேட்பதே இத்துறையின் உயிர்நாடி. மாணவரின் ஆய்வேடும் அக்கேள்வியின் சிறிய வடிவமே.

நம் பிள்ளைகளுக்குப் பொருள் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வேற்றுமொழி பேசும் நகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் பாட்டி எம்மொழியில் செய்தி கேட்கிறார், பேரன் எம்மொழியில் கேட்கிறான் என்பது ஓர் ஆய்வுப் பொருள். இரயில் நிலைய அறிவிப்புகளை மொழி தெரியாத பயணி எவ்வாறு புரிந்துகொள்கிறார் என்பது மற்றொன்று. ஊரிலிருந்து வந்த கடிதத்தின் இடத்தைக் கைப்பேசிக் குழுக்கள் பிடித்தபின் உறவில் நேர்ந்த மாறுதல் வேறொன்று. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அவன் வகுப்பில் வேறெவருக்கும் கிட்டாத மூலப்பொருள் கையில் இருக்கிறது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழந்தமிழ் இதழ்கள் பல பாதுகாக்கப்பெற்றுள்ளன. விடுமுறையில் ஊர் செல்லும்போது பத்து நாள் அங்கே அமர்ந்தால் ஓர் இயலுக்கு வேண்டிய குறிப்புகள் சேரும்.

ஓர் எச்சரிக்கை. பிறர் எழுத்தை எடுத்து ஒட்டுவதற்கு இப்போது கடுமையான தடை உண்டு. மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டனையில்லை. 10-க்கு மேல் 40 வரை எனில் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை எனில் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டையும் அளிக்க இயலாது. அதற்கும் மேற்பட்டால் பதிவே நீக்கப்படும். காசு கொடுத்து ஆய்வேடு எழுதி வாங்கும் தீய வழக்கத்தை நம்மவர் எவரும் நாடலாகாது.

இடமாற்றம் நேர்ந்தால்

மைய அரசுப் பணியிலும் இரயில்வேயிலும் இருப்போர்க்கு மாற்றல் உத்தரவு வருவது வாழ்வின் இயல்பு. அதற்காகப் பிள்ளையின் படிப்பை நடுவில் முறிக்க வேண்டியதில்லை. 2021-ஆம் ஆண்டின் விதிகளால் கல்வி கிரெடிட் வங்கி என்னும் அமைப்பு ஏற்பட்டுள்ளது. மாணவர் ஈட்டிய கிரெடிட் அவர் பெயரில் அதில் பதிவாகும். அதிக அளவாக ஏழாண்டு வரை அது செல்லுபடியாகும். வேறு பல்கலைக்கழகத்தில் சேரும்போது அதனைப் பயன்படுத்த வழியுண்டு. எனினும் புதிய பல்கலைக்கழகம் அவற்றுள் எவ்வளவை ஏற்கும் என்பதை எழுத்தில் கேட்டறிந்த பின்னரே பழைய இடத்தை விட வேண்டும். மைக்ரேஷன் சான்றிதழையும், எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியலையும், பாடத்திட்டத்தின் படியையும் கையோடு வாங்கிவருதல் இன்றியமையாதது.

அடிக்கடி மாற்றல் உள்ள குடும்பங்களுக்கு, 1985-இல் தோன்றிய இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மற்றொரு வழி. இதழியலும் மக்கள் தொடர்பியலும் என்னும் முதுகலைப் படிப்பு அங்கே உண்டு. ஊர் மாறினால் மண்டல மையத்தை மாற்றிக்கொள்ளலாம். ஏற்புப் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேர்முறைப் பட்டத்திற்கு நிகரானதே என்று மானியக் குழு 2022-இல் அறிவித்தது.

முனைவர் பட்டம்

இதற்கு மேலும் பயில விரும்புவோர்க்கு 2022 நவம்பரில் வெளியான விதிகள் பொருந்தும். எம்.பில். பட்டம் இவ்விதிகளோடு நிறுத்தப்பட்டது. அதற்கென எவரேனும் கட்டணம் கேட்டால் செலுத்த வேண்டா. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்குக் கொள்ளும் முறை 2024-இல் வந்தது. இத்துறைக்குரிய நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமையும் என்பதை நினைவிற்கொண்டு பிள்ளைகள் ஆயத்தமாதல் வேண்டும். உயர்ந்த நிலையில் தேறி ஆராய்ச்சி உதவித்தொகை பெறுவோர்க்கு 2023 முதல் திங்களுக்கு 37,000 ரூபாய் என விதிக்கப்பட்டது.

சேர்ந்தபின் நிறைவேற்ற வேண்டியவை வருமாறு. குறைந்தது 12 கிரெடிட் அளவுக்கு ஆய்வு முறையியல், ஆய்வு நெறி முதலிய பாடங்களைப் பயின்று 55 விழுக்காடு பெற வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் வேலையின் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். ஆய்வேட்டை அளிக்குமுன் துறையினர் கூடிய அவையில் விளக்கியுரைக்க வேண்டும். நெறியாளரைத் தவிர வெளித்தேர்வாளர் இருவரேனும் ஏட்டை மதிப்பிடுவர். பின்னர் பலர் முன்னிலையில் வாய்மொழித் தேர்வு. ஏட்டை அளித்த நாளிலிருந்து ஆறு திங்களுக்குள் இவையனைத்தும் முடிய வேண்டும் என்பது விதி. படிப்புக்காலம் குறைந்தது மூன்றாண்டு. சேர்ந்த நாள் முதல் ஆறாண்டு எல்லை. மறுபதிவினால் மேலும் இரண்டாண்டு. பணியில் இருப்போர் அலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெற்றுப் பகுதிநேரமாகவும் பயிலலாம். தொலைநிலையில் முனைவர் பட்டம் இல்லை.

பெண்மக்களைப் பெற்றோர்க்கு

இவ்விதிகளில் நம் இல்லத்தவர் பலரும் அறியாத இடம் ஒன்றுண்டு. முனைவர் பட்டம் பயிலும் பெண்களுக்கு மேலே கூறியதற்கும் மேல் இரண்டாண்டுக் கால நீட்டிப்பு உண்டு. மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் மொத்தம் 240 நாள் வரை விடுப்பு உண்டு. திருமணத்தாலோ பிற காரணத்தாலோ வேறூர் செல்லும் பெண், நிதி நிறுவனம் ஒன்றின் உதவியால் நடைபெறும் திட்டமாக அவ்வாய்வு இல்லாத நிலையில், தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய ஊரின் கல்வி நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் விதி இடமளிக்கிறது. சட்டம் இவ்வளவு இடங்கொடுத்திருக்க, நாம் வீட்டில் கதவைச் சாத்துவது முறையாகுமா?

முதுகலை மாணவிக்கு இத்தனை சலுகை இல்லை. ஆதலின் அவள் ஆய்வேட்டை முடிக்கும் அந்த நான்கைந்து திங்களைக் குடும்பம் காத்துக் கொடுக்க வேண்டும். முகூர்த்தம் அடுத்த தை மாதமும் வரும். மாற்றல் உத்தரவு வந்தால் தந்தை முதலில் சென்று பணியேற்கலாம்; தாயும் மகளும் பருவம் முடிந்தபின் செல்லலாம். மகனுக்காக இவ்வாறு செய்த குடும்பங்கள் நம்மிடையே பல. மகளுக்காகவும் செய்வோம்.

கட்டணம் செலுத்துமுன்

கல்லூரி வாயிலில் நிற்கும்போதே பெற்றோர் கேட்க வேண்டிய வினாக்கள் ஆறு. இப்படிப்பு பட்டமா, பட்டயமா. மானியக் குழுவின் ஏற்பு உள்ளதா? மொத்தக் கிரெடிட் எவ்வளவு, அவற்றுள் ஆய்வேட்டுக்கு எவ்வளவு? பணிப் பயிற்சி இடத்தைக் கல்லூரி தேடித் தருமா, பிள்ளையே தேட வேண்டுமா? ஆய்வேட்டை எம்மொழியில் எழுதலாம், நெறியாளர் எப்பருவத்தில் அமர்த்தப்படுவார்? படிப்பை முடிக்க இறுதி ஆண்டு எது? இவற்றுக்கு வாய்மொழியாகக் கிட்டும் விடையோடு நில்லாமல், விளக்கக் கையேட்டில் அவ்வரியைக் காட்டுமாறு பணிவுடன் கேளுங்கள். அவ்வாண்டின் கையேட்டைப் பட்டம் கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லாம் முடிந்தபின், தற்காலிகச் சான்றிதழோடு மனநிறைவடைந்து விடாமல், பட்டமளிப்பு விழாவுக்குரிய விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் செலுத்திப் பட்டத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அன்றுதான் கணக்கு முடிகிறது.

நம் சங்கத்தின் பழைய இதழ்கள் ஆண்டுவாரியாகக் கட்டப்பெற்று நூலக அறையில் உள்ளன. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் தம்முள் என்ன பேசிக்கொண்டன என்பதற்கு அவை நல்ல சான்று. அவற்றை ஆய்வுப் பொருளாகக் கொள்ள விரும்பும் மாணவ மாணவியர், ஞாயிறு மாலை சங்கத்திற்கு வந்தால் அறையைத் திறந்துவைக்கச் செயலாளர் இசைந்துள்ளார். ஆய்வேட்டைப் பாதியில் நிறுத்தியவர் எவரேனும் நம்மிடையே இருப்பின், வெட்கப்படாது வந்து கூறுக. கால எல்லை மீதமிருக்கிறதா என்று அவர்தம் பல்கலைக்கழக விதியை உடனமர்ந்து படித்துச் சொல்ல நான் காத்திருக்கிறேன்.

அடுத்த திங்கள், கல்விக் கடன் பெறும் முறையும் திருப்பிச் செலுத்தும் முறையும் பற்றி எழுதுவேன்.